பன்னிரண்டு வருடம் எங்கே போனது?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் பிரித்தானியத் தொழிற்சட்டம் பற்றிய கட்டுரையில் ஒரு வரி: "நிறுவனம் கைமாறினாலும் தொழிலாளரின் சம்பளமும் லீவும் 1981 முதலே பாதுகாப்பாக இருந்தன." வாசித்துவிட்டு ரீ கோப்பையைக் கீழே வைத்தேன். ரீ ஆறிப்போனது, நான் ஆறவில்லை.

1990இல் லண்டனில் ஒரு கவுன்சில் (உள்ளூராட்சிச் சபை) பள்ளிக்கூடத்தில் கிளீனிங் வேலை செய்தேன். 1988 சட்டம் வந்து, துப்புரவு வேலையைக் கவுன்சிலே செய்வதென்றாலும் தனியாரோடு டெண்டரில் போட்டியிட்டு வெல்ல வேண்டும் என்றாக்கியது உங்களுக்குத் தெரிந்ததுதான். எங்கள் கவுன்சில் தோற்றது. வெள்ளிக்கிழமை பின்னேரம் கவுன்சில் ஆளாக வீட்டுக்குப் போன நான், திங்கள் விடிய ஐந்து மணிக்குக் கொம்பனி ஆளாக அதே கதவைத் திறந்தேன். அதே மொப், அதே வாளி, வாளியில் கவுன்சிலின் பெயர்கூட அழியவில்லை. அழிந்தது மணித்தியாலத்துக்கு இருபத்தைந்து பென்சும் லீவுச் சம்பளமும்தான். யூனியன்காரரிடம் ஓடினால், "கவுன்சில் லாபத்துக்கு நடப்பதில்லை, அதனால் கைமாறும்போது காக்கும் அந்த 1981 சட்டம் உங்களுக்கு இல்லை" என்றார். ஐரோப்பா 1977இல் போட்ட விதியில் அப்படி ஒரு விலக்கு இல்லவே இல்லை, 1981இல் இங்கே சட்டமாக்கியபோது அரசாங்கம் தானாகச் சொருகியது. ஐரோப்பிய ஆணைக்குழு வழக்குப் போட்ட பிறகுதான், 1993இல், அந்த விலக்கை நீக்கினார்கள். அடுத்த வருடம் ஜூனில் லக்சம்பேர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றம் பிரித்தானியா கடமை தவறியது என்று தீர்ப்பும் சொன்னது.

அப்புறம் ஒரு நம்பிக்கை வந்தது. கொம்பனி முறிந்து சம்பளம் கிடைக்காத இத்தாலியத் தொழிலாளர் வழக்கில், ஐரோப்பிய விதியைச் சட்டமாக்காத அரசே நட்டஈடு கட்ட வேண்டும் என்று அதே நீதிமன்றம் 1991இல் சொல்லியிருந்தது, பிராங்கோவிச் தீர்ப்பு என்பார்கள். அதை வைத்து யூனியன் எங்களிடம் பழைய சம்பளத் துண்டுகளைக் கேட்டது. பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துப் பார்த்தால் ஏழுதான் கிடந்தன, இரண்டில் எழுத்தே இல்லை. கொடுத்தேன். பதில் வரவில்லை.

இப்போது அந்த வாசலும் இல்லை. 2020 முடிவுக்குப் பிறகு நடக்கும் தவறுக்கு அப்படி அரசின்மேல் வழக்காட முடியாதென்று 2018இல் பிரெக்சிற் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அந்தக் கிழமை உங்கள் முதற்பக்கத்தில் யாருக்கோ பொன்னாடை போர்த்தும் படம்.

வருடம் பிழைப்பது உங்களுக்குப் புதிதல்ல. என் கணவரின் நினைவஞ்சலியிலும் வருடத்தைப் பிழையாகப் போட்டீர்கள், நான் மூன்று தரம் போன் எடுத்த பிறகுதான் திருத்தினீர்கள். சரி, அது போகட்டும். இதற்காவது, கவுன்சில் ஆட்களுக்குப் பாதுகாப்பு வந்தது 1993இல் என்று இரண்டு வரி போடுங்கள். அந்த நினைவஞ்சலித் திருத்தம் வந்த பெட்டியளவு இடம் போதும்.

பழைய வாசகி,
ஈஸ்ட் ஹாம்