மூளை ‘இணைப்பு’ படமா? எந்தக் கருவி என்றும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மூளையின் இரு பகுதிகளுக்கு இடையே ‘இணைப்பு குறைவு’ என்று செய்தி வரும்போது, அதை எந்தக் கருவியில் அளந்தார்கள் என்று ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன். கருவி மாறினால் ‘இணைப்பு’ என்ற சொல்லின் பொருளே மாறிவிடும்.

பெரும்பாலான செய்திகளில் வரும் எஃப்எம்ஆர்ஐ என்ற மூளை ஸ்கேன், ரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தைத்தான் பார்க்கிறது. நரம்பு செயல்பட்டு ஐந்தாறு வினாடி கழித்தே அது உச்சத்துக்கு வரும். சும்மா படுத்திருப்பவரின் மூளையில் உடல் அசைவை இயக்கும் இடது, வலது பகுதிகளில் இந்த சிக்னல் சேர்ந்தே ஏறி இறங்குவதை 1995-இல் பரத் பிஸ்வால் குழு காட்டியது. இப்படிச் சேர்ந்து ஏறி இறங்குவதைத்தான் இதில் ‘இணைப்பு’ என்கிறார்கள். அதனால் நேரடி நரம்புப் பாதை இருக்கிறது என்று பொருளல்ல. இன்னொரு சிக்கல், தலை அசைவு. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைந்தாலே அருகருகே உள்ள பகுதிகளின் தொடர்பு கூடியும், தொலைவில் உள்ளவற்றின் தொடர்பு குறைந்தும் தெரியும். குழந்தைகள் ஸ்கேனருக்குள் அதிகம் அசைவார்கள். அதனால் ‘சிறுவர் மூளையில் தொலைதூர இணைப்பு குறைவு’ என்ற முடிவைக் கண்டால், அசைவை எப்படிக் கழித்தார்கள் என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

தலையில் எலக்ட்ரோடுகள் வைத்து மூளையின் மின்சிக்னலைப் பதியும் இஇஜி, மில்லி வினாடி கணக்கில் அளக்கும். ஆனால் மண்டையோடு மின்சிக்னலைப் பரப்பிவிடுவதால், ஒரே ஊற்று பல எலக்ட்ரோடுகளிலும் பதிந்து பொய்த் தொடர்பு காட்டும். ஜெல் வழிந்து பக்கத்து எலக்ட்ரோடைத் தொட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். இந்தப் பொய்த் தொடர்பைத் தவிர்க்க, ஒரே கணத்தில் வரும் ஒற்றுமையைக் கழித்துவிடலாம். அப்போது உண்மையான உடனடித் தொடர்பும் சேர்ந்தே போகும். மூளையின் காந்தப்புலத்தை அளக்கும் எம்இஜியில் மண்டையோட்டுத் தொல்லை குறைவு. ஆனால் அது பிடிக்கும் காந்தப்புலம் பூமியுடையதில் கோடியில் ஒரு பங்குகூட இல்லை. காந்தத் தடுப்பு அறையும், வழக்கமான கருவிகளுக்கு மைனஸ் 269 டிகிரி திரவ ஹீலியமும் வேண்டும்.

மூளையில் தண்ணீர் பரவுவதை அளக்கும் எம்ஆர்ஐ வகையான டிடிஐயின் வண்ண நரம்புப் படம் இன்னும் அதிகம் ஏமாற்றும். சிவப்பு இடவலம், பச்சை முன்பின், நீலம் மேல்கீழ். நிறம் திசையைக் குறிக்கிறதே தவிர செயல்பாட்டை அல்ல. தண்ணீர் எந்தப் பக்கம் எளிதாகப் பரவுகிறது என்பதிலிருந்து ஊகித்து வரைந்த கோடுகள் அவை. இழைகள் குறுக்கிடும் இடத்தில் பாதை தவறிவிடும். சிக்னல் எந்தப் பக்கம் போகிறது என்றும் தெரியாது. இருந்தாலும் கட்டி அறுவைக்குத் திட்டமிட நல்ல உதவி.

எண்ணிக்கையையும் கவனியுங்கள். மூளையை 100 பகுதியாகப் பிரித்தால் 4,950 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடிக்கும் தற்செயல் தவறுக்கு 5 சதவீதம் இடம் தரும் வழக்கமான வரம்பை அப்படியே வைத்தால், உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் தற்செயலாகவே சராசரியாக சுமார் 250 ஜோடிகள் ‘வித்தியாசம்’ காட்டும். இதற்குத் திருத்தம் செய்தார்களா என்பதையும் நிருபர் கேட்டு எழுதலாம்.

இப்படிக்கு,
மூளைப் பட ஆய்வாளர் ஒருவர்