மீன்குஞ்சுகளை உச்சி வெயிலில் இறக்காதீர்கள்

மாவட்ட மீன்வள அலுவலர்களுக்கு வணக்கம்.

போன வாரம் எங்கள் ஏரிக்கு வந்த கட்லா, ரோகு விரலிகளின் (விரல் நீள மீன்குஞ்சுகளின்) கதி தங்களுக்குத் தெரியும். வண்டி வந்தது பகல் 2 மணிக்கு. குஞ்சுகள் இருந்த தண்ணீர்ப் பைகளைத் தொட்டாலே கை சுட்டது. உள்ளே குஞ்சுகள் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து, செவுள்மூடி படபடக்கத் திணறிக்கொண்டிருந்தன. பையைக் கிழித்து அப்படியே ஏரியில் கொட்டினார்கள். மறுநாள் கரையெல்லாம் செத்த குஞ்சு.

ஏரித் தண்ணீர் சரியில்லை என்கிறீர்கள். அதே தண்ணீரில்தான் போன ஆண்டு விட்ட மீன்கள் வளர்கின்றன.

காரணம் சூடுதான். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும்; 30 டிகிரியில் ஏழரைதான். மீனுக்கோ 10 டிகிரி ஏறினால் ஆக்சிஜன் தேவை ஏறத்தாழ இரட்டிப்பாகும். பையில்தான் ஆக்சிஜன் அடைத்திருக்கிறதே என்றால், சூட்டில் அதுவும் சீக்கிரம் தீரும். மூச்சில் வெளிவரும் கரியமில வாயு அந்தக் கொஞ்சத் தண்ணீரிலேயே தங்கும். அது மிகுந்தால், ஆக்சிஜன் மிச்சமிருந்தாலும் மீனின் இரத்தம் அதைச் சரியாக ஏற்காது. கழிவில் சேரும் அம்மோனியாவும் சூட்டில் கூடுதல் நஞ்சாகும். ஏற்றுவதற்கு முந்தைய நாள் தீனியை நிறுத்தியிருந்தால் இந்தக் கழிவாவது குறைந்திருக்கும்.

ஆகவே கேட்கிறோம்: குஞ்சுகளை இரவில் ஏற்றி, காலை 7 மணிக்கு மேல் 9 மணிக்குள் இறக்குங்கள். விடியுமுன் வேண்டாம், இரவு முழுக்கப் பாசியும் மூச்சுவிட்டு, ஏரியில் ஆக்சிஜன் அப்போதுதான் மிகக் குறைவாக இருக்கும். பைகள்மேல் ஈரச்சாக்கு போடுங்கள். கரைக்கு வந்ததும் பையைப் பிரிக்காமல் 20 நிமிடம் ஏரியில் மிதக்கவிட்டு, பிறகு ஏரித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஊற்றி, குஞ்சுகள் தாமாக நீந்தி வெளியேற விடவேண்டும்.

இறக்கிய எண்ணிக்கைக்குக் கையெழுத்து வாங்குகிறீர்கள். பிழைத்தது எத்தனை என்று ஒருவரும் கேட்பதில்லை. குத்தகைப் பணத்துக்கு மட்டும் நாள் தவறாமல் நோட்டீஸ் வருகிறது. இது நியாயமா?

கோபத்தில் எழுதியதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த தவணையையாவது தயவுசெய்து காலையில் அனுப்புங்கள். வண்டி வரும் நேரத்தை முதல்நாளே சொன்னால், ஆட்களோடு கரையில் நிற்கிறோம்.

இப்படிக்கு,
ஏரி மீன் குத்தகைதாரர்கள்