இறைச்சியைத் தேடினால் சமையல் குறிப்பு: இணைய நூலகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

இணையத் தமிழ் நூலகங்களையும் அகராதிகளையும் பேணிவருவோருக்கு,

வணக்கம். மூலநூல் கிடைக்கவில்லை என்று இன்று யாரும் குறைசொல்ல முடியாது. பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றிவரும், 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தில் உரைகளே இருக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் புரட்டலாம். இலக்கணக் கலைச்சொல் ஒன்றைத் தேடும்போதுதான் தடுமாற்றம்.

தொடை, இறைச்சி, அணி, சீர், துறை எல்லாம் அன்றாடச் சொற்களும்கூட. இலக்கணத்தில் தொடை என்பது செய்யுளின் அடிகளையோ சீர்களையோ இணைக்கும் தொடுப்பு; இறைச்சி என்பது கருப்பொருள் வழியாகக் குறிப்பாக உணர்த்தும் பொருள். தேடுபொறிக்கு யாப்பு, அதாவது செய்யுள் இலக்கணம், தெரியாது. தொடை என்றால் உடலுறுப்பைத்தான் காட்டும். இனச்சொற்களைச் சேர்த்துத் தேடினால் ஓரளவு தப்பலாம்: ‘தொடை மோனை எதுகை இயைபு’, ‘இறைச்சி உள்ளுறை கருப்பொருள்’. ஆனால் இந்தச் சொற்கள் தெரிந்தவர் ஏன் தேடப்போகிறார்? சொல், விளக்கம், நூற்பா (இலக்கண விதியைச் சொல்லும் பாடல்), உரை நான்கும் ஒரே பக்கத்தில் வரும் கலைச்சொல்லடைவு ஒன்றை நீங்கள்தான் தரவேண்டும்.

அதற்கு முன் உங்கள் தேடுபெட்டியைச் சரிபாருங்கள். ‘தொ’வின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு, கால் என இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, கணினிக்கு இரண்டும் வேறு. அதனால் தொல்காப்பியமே அகப்படாமல் போகும். பனுவலையும் தேடுசொல்லையும் இவ்விரு எழுதுமுறைகளை ஒன்றாக்கும் என்.எஃப்.சி. (NFC) என்ற யூனிகோடு வடிவுக்கு மாற்றினால் இது தீரும். ‘பௌத்தம்’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ளகரமும் தட்டியிருந்தால் அந்த மாற்றம் உதவாது. அதைத் தனியே திருத்தவேண்டும்.

பதிப்பைக் குறிக்காத பனுவல் பாதிப் பயன்தான். தொல்காப்பிய நூற்பா எண் இளம்பூரணர் உரையில் ஒன்று, நச்சினார்க்கினியர் உரையில் வேறொன்று என்று பல இடங்களில் மாறும். ‘இறைச்சி தானே’ எனத் தொடங்கும் நூற்பாவுக்கே ‘பொருட்புறத்ததுவே’, ‘உரிப்புறத்ததுவே’ என இரு பாடம், அதாவது இரு வேறு சொல்வடிவம், உண்டு. எந்த உரை, யார் பதிப்பு, எந்த ஆண்டு என்று பனுவலின் தலையிலேயே போடுங்கள். ஒவ்வொரு நூற்பாவுக்கும் மாறாத முகவரியும் வேண்டும். இல்லாவிட்டால் மாணவர் கட்டுரையில் எதைச் சுட்டுவார்?

திறனாய்வுச் சொற்கள் வேறு தலைவலி. சொல்வதும் உணர்த்துவதும் முரண்படும் ஐரனியை (irony) ஒருவர் முரண் என்கிறார், இன்னொருவர் முரண்நகை என்கிறார். முரண் ஏற்கெனவே தொடைவகைகளுள் ஒன்று! அடைவில் இரண்டையும் தனிப் பதிவாக வைத்து, ஒன்றிலிருந்து மற்றதற்கு வழிகாட்டினால் போதும்.

படக்கோப்பாக ஏற்றிய பழைய நூல்களுக்குப் பொருளடக்கத்தையாவது தட்டச்சிட்டு இணையுங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் னை, லை, றா முதலியவற்றின் வடிவமே வேறு. படத்திலுள்ள எழுத்தைப் படித்தறியும் மென்பொருளான எழுத்துணரி (OCR) அவற்றில் இடறுவதால், மோனையைத் தேடுபவருக்கு மோனை கிடைப்பதில்லை.

இப்படிக்கு,
இலக்கணம் கற்பிப்போர் சிலர்