நிமோனியா ஊசி: 48 மணி நேரத்தில் ஒரு மறுபரிசீலனை தேவை

ஆசிரியருக்கு,

நிமோனியா என்று குழந்தையைச் சேர்த்ததுமே செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசியைத் தொடங்கும் பழக்கம் பல மருத்துவமனைகளில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலில் அது முதல் மருந்து அல்ல. கடும் நிமோனியாவுக்கு ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும்தான் முதலில். 10 கிலோ குழந்தைக்கு ஆம்பிசிலின் 6 மணிக்கொரு தடவை 500 மி.கி., ஜென்டாமைசின் நாளுக்கு ஒரே தடவை 75 மி.கி. இவை கேட்காதபோதுதான் செஃப்ட்ரையாக்சோன். எல்லோருக்கும் அதையே போட்டால் கிருமி பழகிவிடும். நாளை உண்மையிலேயே தேவைப்படும் குழந்தைக்குக் கைகொடுக்காது.

இதைவிடப் பெரிய குறை, தொடங்கிய ஊசியை யாரும் திரும்பிப் பார்க்காமல் விடுவது. 48 மணி நேரத்துக்குள் ஒருமுறை முடிவெடுத்தாக வேண்டும். காய்ச்சல் தணிந்ததா? வாயால் சாப்பிடுகிறதா? வெளியிலிருந்து ஆக்சிஜன் கொடுக்காமலே இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு குறையாமல் நிற்கிறதா? மூச்சை, குழந்தை அழாத நேரத்தில், முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும்: 2 முதல் 11 மாதம் வரை 50, 1 முதல் 5 வயது வரை 40 என்பதற்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். எல்லாம் தேறியிருந்தால் வாய்வழி அமாக்சிசிலினுக்கு மாற்றலாமா என்று அன்றே யோசிக்க வேண்டும். இருமலும் எக்ஸ்ரேயில் தெரியும் நிழலும் மறையச் சில வாரங்கள் ஆகும். அவற்றுக்காக ஊசியை நீட்டிப்பது வீண். தேறவில்லை என்றால் மருந்தை மட்டும் மாற்றிப் பயனில்லை. நெஞ்சில் சீழ் கட்டியிருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும், காசநோயையும் நினைக்க வேண்டும். வீசிங்கோடு வரும் கைக்குழந்தைகளில் பலருக்கு இருப்பது மூச்சுக்குழாய்களைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ். அதற்கு ஆன்டிபயாட்டிக் எதுவும் செய்யாது. ஆக்சிஜனும் பாலூட்டலும்தான் சிகிச்சை.

நாட்கணக்கு பற்றியும் அச்சம் வேண்டாம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்து 2021-இல் வெளியான கேப்-இட் ஆய்வில், மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகளுக்கு 3 நாள் அமாக்சிசிலின், 7 நாளுக்குக் குறைந்ததல்ல என்று தெரிந்தது.

வீட்டில் நடக்கும் பிழை வேறு. 10 கிலோ குழந்தைக்கு அமாக்சிசிலின் ஒரு வேளைக்கு 400 மி.கி., நாளுக்கு இரு வேளை. 5 மில்லியில் 125 மி.கி. உள்ள சிரப் என்றால் அது 16 மில்லி. வழக்கம்போல 5 மில்லி ஊற்றிக்கொடுத்தால் மூன்றில் ஒரு பங்குகூட உள்ளே போவதில்லை. 60 மில்லி பாட்டில் இரண்டு நாளுக்கும் காணாது. டிஸ்சார்ஜ் சீட்டில் குழந்தையின் எடை, சிரப்பின் வீரியம், வேளைக்கு எத்தனை மில்லி, எந்தத் தேதியில் நிறுத்துவது ஆகிய நான்கையும் எழுதித் தரும்படி மருத்துவமனைகளைக் கேட்டுக்கொள்கிறேன். சீட்டில் இல்லாவிட்டால் பெற்றோர் கேட்டு வாங்க வேண்டும்.

குழந்தைகள் நல மருத்துவர்,
மதுரை