ஞாயிறு பயணம்: மயிலாடுதுறை – தரங்கம்பாடி

உறுப்பினர்களுக்கு வணக்கம். காலை 7 மணிக்கு மயிலாடுதுறை ஜங்ஷன் வாசலில் கூடுவோம். முதலில் காவிரித் துலாக்கட்டம். மேட்டூர் நீர் கடைமடைக்கு வராத நாளில் ஆற்றில் மணல்தான் தெரியும், ஏமாற வேண்டாம்.

பிறகு பஸ். 1926-ல் ஓடத் தொடங்கி 1986-ல் நின்றுபோன தரங்கம்பாடி மீட்டர்கேஜ் ரயில் பாதையைத் தேடுங்கள். தண்டவாளம் எடுத்தாயிற்று. ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு பக்கம் வயலைவிட உயர்ந்து, கருவேலம் மண்டிய மண்மேடு தெரிந்தால் அதுதான். உள்ளே இறங்காதீர்கள், முள் செருப்பைத் துளைக்கும்.

வெயில் ஏறுமுன் தரங்கம்பாடி டேன்ஸ்போர்க் கோட்டைக்குப் போய்விட வேண்டும். 1620-ல் டேனியர் (டென்மார்க் நாட்டவர்) கட்டியது, 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றது. மேல்தளத்தில் ஆளுநர் வாழ்ந்தார். கீழ்த்தளம்தான் உண்மையான படைக்கோட்டை: வீரர் அறை, கிடங்கு, சிறை. வளைவுக்கூரை அறைகள் இருட்டு. கைபேசி டார்ச் சார்ஜ் இருக்கட்டும். கடல்புறம் உப்புக்காற்று கேமரா லென்ஸில் படியும். வெறும் துணியால் தேய்க்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

1792-ல் கட்டியதாகச் சொல்லும் நகர வாயிலைத் தவறவிடக் கூடாது. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், தொப்பி. வருபவர்கள் வெள்ளிக்குள் பெயர் போடுங்கள்.