ஒரு வண்டிக்கு இரண்டு வாரண்டி: விளக்கு எரிந்தால் பொறுப்பு யாருக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை நெருங்கினாலே, வேன் ஒன்றை வாங்கி உள்ளே படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை எல்லாம் அமைத்துக் கேரவனாக மாற்றிக்கொள்ளலாமா என்று என்னிடம் விசாரிப்பவர்கள் அதிகமாகிவிடுகிறார்கள். பக்கவாதத்துக்குப் பிறகு நெடுநேரம் உட்கார முடியாமல் போன என் தந்தையைப் படுக்கவைத்தபடியே வெளியூர் அழைத்துச் செல்வதற்காக அப்படியொரு வண்டியை மூன்றாண்டுகளாக வைத்திருக்கிறேன். என்ன விலை, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், ஏசி இரவு முழுக்க ஓடுமா என்றெல்லாம் கேட்கிறார்கள். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தால் யாரிடம் போவது, வாரண்டியை ஏற்பது வண்டி நிறுவனமா, உள்ளே கூண்டு கட்டிய பட்டறையா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. வாங்கும்போது நானும் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்விக்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஈரோட்டிலிருந்து ஓசூரில் உள்ள தங்கை வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். சேலத்தைத் தாண்டித் தொப்பூர் கணவாயில் ஏறும்போது, இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கும் ஏபிஎஸ் விளக்கும் இன்னும் இரண்டு விளக்குகளும் ஒரே நொடியில் எரிந்தன. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி 40 கிலோமீட்டர் வேகத்துக்குமேல் இழுக்கவில்லை. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்து நெருக்க, உள்ளே படுத்திருந்த அப்பா என்னவென்று கேட்க, எப்படியோ ஓரம்கட்டி நிறுத்தினேன். இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் நடுவில்தான் இருந்தது. சிவப்பு விளக்கு எதுவும் எரியவில்லை. பத்து நிமிடம் அணைத்து வைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தபோது மூன்று விளக்குகள் மறைந்து, இன்ஜின் விளக்கு மட்டும் நின்றது. மெதுவாக ஓட்டிக்கொண்டு அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர் ஒன்றை அடைந்தோம்.

அங்கே ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, புகைக்குழாயில் நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் நாக்ஸ் சென்சார் போய்விட்டது, மாற்ற 62,000 ரூபாய் ஆகும் என்றார்கள். வண்டிக்கு வாரண்டி இருக்கிறதே என்றேன். பொறுப்பாளர் பின்கதவைத் திறந்து இன்வெர்ட்டரையும் இரண்டாம் பேட்டரியையும் பார்த்தார். வெளி வயரிங் செய்திருக்கிறீர்கள், ஆகவே மின்சாரம் சம்பந்தப்பட்ட எதற்கும் வாரண்டி கிடையாது என்று சொல்லி முடித்துவிட்டார். எந்த வயர் எந்தச் சென்சாரைக் கெடுத்தது என்று அவர் பார்க்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. கூண்டு கட்டிய பட்டறைக்குத் தொலைபேசியில் பேசினேன். நாங்கள் இன்ஜின் பக்கம் கையே வைக்கவில்லை, அது கம்பெனி வாரண்டி, கம்பெனியிடமே கேளுங்கள் என்பது அவர்களின் பதில். கையில் ஜாப் கார்டோடு, அதாவது சர்வீஸ் சென்டர் வேலை விவரம் எழுதும் சீட்டோடு, நான் நின்ற அந்த அரை மணி நேரம் என் வண்டிக்கு உரியவர் என்று உலகத்தில் யாருமே இல்லை.

சென்சாரை மாற்றாமல் ஊர் திரும்பி, பழக்கமான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் வண்டியை விட்டேன். அவர் ஸ்கேனரைத் தொடவே இல்லை. நான்கு விளக்குகள் ஒன்றாக எரிந்தன என்றதும், நான்கு பொருள்கள் ஒரே நொடியில் கெடாது, எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது கரன்ட்டும், அது வண்டியின் உடம்பு வழியே பேட்டரிக்குத் திரும்பும் எர்த்தும்தான் என்று சொல்லி மல்டிமீட்டரை எடுத்தார். உள்ளே இருந்த ஃபிரிட்ஜையும் இரண்டாம் பேட்டரியின் சார்ஜரையும் ஓடவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் வண்டியின் உடம்புக்கும் இடையே அளந்தார். 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாத இடத்தில் 1.6 காட்டியது. ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் தரைவிரிப்பைத் தூக்கியபோது காரணம் கண்ணெதிரே தெரிந்தது. கம்பெனி வைத்திருந்த எர்த் போல்ட்டைக் கழற்றி, அதன் லக்குக்கு (வயர் முனையிலுள்ள உலோக வளையம்) அடியில் இரண்டாம் பேட்டரியின் கனமான லக்கைச் செருகி, அடியில் இருந்த பெயின்ட்டைச் சுரண்டாமல் அப்படியே முறுக்கியிருந்தார்கள். இரண்டு மழைக்காலத்தில் செம்பின்மேல் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. அவர் பெயின்ட்டைச் சுரண்டி, புதிய எர்த் புள்ளி ஒன்றைத் தனியாக அமைத்து, பழைய போல்ட்டைப் பழையபடியே கம்பெனி லக்குக்கு மட்டும் விட்டுக்கொடுத்தார். செலவு 900 ரூபாய். நாக்ஸ் சென்சார் இன்றுவரை அதேதான். விளக்கு மறுபடி எரியவில்லை.

படங்களை அனுப்பியதும் பட்டறைக்காரர் தவற்றை ஒப்புக்கொண்டு செலவைத் திருப்பித் தந்தார் என்பதையும் எழுதிவிட வேண்டும். சர்வீஸ் சென்டர் சொன்னதில் பாதி உண்மை என்பதும் சரிதான். பழுது வெளி வயரிங்கில்தான் இருந்தது. ஆனால் அதைக் கண்டறியாமலே வாரண்டியை மறுத்தார்கள். கெடாத சென்சாரை 62,000 ரூபாய்க்கு மாற்றவும் தயாராக இருந்தார்கள். எர்த் போல்ட்டோடு முடிந்த என் கதை, டிபிஎஃப் என்ற புகை வடிகட்டியின் அடைப்பிலோ யூரியா பம்பிலோ போய் நின்றிருந்தால் லட்சங்களில் முடிந்திருக்கும்.

2020 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் வண்டிகள் பிஎஸ்-6 என்ற புகை மாசு விதிக்கு உட்பட்டவை. டீசல் வண்டியின் புகைக்குழாயில் கரித்தூளைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டியும், பல வண்டிகளில் யூரியா கரைசலைத் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் அமைப்பும், இவற்றைக் கண்காணிக்கும் சென்சார்களும் சேர்ந்தன. வடிகட்டியில் சேரும் கரி எரிந்து தீர வேண்டுமானால் அதற்குள் வெப்பம் ஏறக்குறைய 600 டிகிரி வரை போக வேண்டும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடினால்தான் அது ஒழுங்காக நடக்கும். கேரவன்காரர்களாகிய நாமோ வண்டியை ஒரே இடத்தில் நிறுத்தி, ஏசிக்காக மணிக்கணக்கில் இன்ஜினை ஓடவிடுகிறோம். படப்பிடிப்புத் தளங்களில் நிற்கும் கேரவன்களின் ஓட்டுநர்களைக் கேட்டால் இந்தத் தொல்லையை நன்றாகச் சொல்வார்கள். டிபிஎஃப் விளக்கு முதலில் எரியும்போதே, கையேட்டில் சொல்லியிருக்கும் வேகத்தில் நெடுஞ்சாலையில் ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும். அதைப் பொருட்படுத்தாமல் நாள்கணக்கில் ஓட்டினால் சர்வீஸ் சென்டரில் இயந்திரம் மாட்டித்தான் எரிக்க வேண்டியிருக்கும்; அதுவும் பலிக்காவிட்டால் வடிகட்டியையே மாற்ற வேண்டும். அந்தக் கட்டத்தில், பயன்படுத்திய விதம் தவறு என்று வாரண்டியை மறுக்க அவர்களுக்குக் காரணமும் கிடைத்துவிடுகிறது.

யூரியா கரைசலிலும் எச்சரிக்கை வேண்டும். அதில் யூரியா 32.5 சதவீதம், மீதி தூய்மையாக்கப்பட்ட தண்ணீர். வெயிலில் மாதக்கணக்கில் கிடந்த கேனை ஊற்றினாலோ, கலப்படச் சரக்கை ஊற்றினாலோ தரத்தை அளக்கும் சென்சார் பிடித்துவிடும். சில வண்டிகளில், இன்னும் இத்தனை கிலோமீட்டருக்குப் பிறகு இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது என்ற எண்ணிக்கை திரையில் இறங்கத் தொடங்கும். நோயாளியோடு பயணம் செய்பவருக்கு அதைவிடக் கலக்கம் தருவது வேறில்லை. கேனுக்கு ரசீது வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இந்தத் தொல்லைகளுக்கெல்லாம் சிலர் சொல்லும் குறுக்குவழி, டிபிஎஃப்பைக் கழற்றிவிட்டு மென்பொருளில் அதை மறைத்துவிடுவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வாரண்டி அன்றோடு போய்விடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவின்படி, அனுமதியின்றி வண்டியை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். வேனைக் கேரவனாக்குவதற்கே 52-ஆம் பிரிவின் கீழ் ஒப்புதல் பெற்று, பதிவுச் சான்றில் ஏற்றியிருக்க வேண்டும். அந்த ஒப்புதல் இல்லாத வண்டிக்கு வாரண்டி கேட்கப் போகிறவர் வாசலிலேயே தோற்றுவிடுவார்.

சிவப்பு விளக்கையும் மஞ்சள் விளக்கையும் ஒன்றாக எண்ணுபவர்கள் இன்னும் இருப்பதால் ஒன்று சொல்கிறேன். ஆயில் அழுத்தம், இன்ஜின் சூடு, பிரேக் ஆகியவற்றுக்கான சிவப்பு விளக்கு எரிந்தால் பாதுகாப்பான முதல் இடத்தில் நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட வேண்டும். ஆயில் விளக்கு எரிய எரிய ஓட்டிப் போய் இன்ஜின் சிக்கிக்கொண்டால் எந்த நிறுவனமும் ஏற்காது. மஞ்சள் விளக்குக்கு வண்டியை மென்மையாக ஓட்டிச் சர்வீஸ் சென்டர் வரை போகலாம். இரண்டிலும் வண்டியை நிறுத்தியதும் முதல் வேலை, கிலோமீட்டர் எண்ணும் தெரியும்படி டேஷ்போர்டைப் படம் எடுப்பது. வழியில் உள்ள மெக்கானிக் அன்போடு முன்வந்து, பேட்டரியைக் கழற்றி மாட்டினால் விளக்கு போய்விடும் என்பார். விளக்கோடு சாட்சியமும் போய்விடும். பழுது பதிவான நொடியில் இன்ஜின் வேகம், சூடு, சுமை எல்லாம் எவ்வளவு என்று கம்ப்யூட்டர் சேர்த்துவைத்திருக்கும் குறிப்பு, எரர் கோட் எனும் பழுதுக் குறியீட்டை அழித்ததும் சேர்ந்தே அழிகிறது. குறியீட்டை அழிக்கும் முன் அதை அச்சிட்டுத் தாருங்கள் என்று கேளுங்கள். தர மறுத்தால் ஸ்கேனர் திரையையாவது படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வாரண்டியை மறுத்தால், எந்தப் பாகத்துக்கு, எந்த விதியின்படி, கண்டறிந்த காரணம் என்ன என்று ஜாப் கார்டிலேயே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். வாயால் மறுப்பவர்கள் எழுதச் சொன்னால் பேனாவைக் கீழே வைத்து யோசிப்பதை இரண்டு இடங்களில் பார்த்திருக்கிறேன். எழுத்தில் இருந்தால்தான் நுகர்வோர் ஆணையத்தில் பேச முடியும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வண்டியை வாங்கிய ஊருக்குப் போகாமல் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 20 லட்சத்துக்கு மேல் 50 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் 1,000 ரூபாய்தான். வண்டி நிறுவனம், விற்பனையாளர், கூண்டு கட்டியவர் மூவரையும் ஒரே மனுவில் எதிர்த்தரப்பாகச் சேர்த்தால், ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவது ஆணையத்தின் முன்னால் நடக்கும். பழுதின் காரணத்தை அறிய ஆய்வகத்துக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். வாடகைக்கு விடுவதற்காக வண்டி வாங்கியவர்கள், சொந்தப் பிழைப்புக்காகத் தாமே நடத்துகிறோம் என்பதைக் காட்ட வேண்டியிருக்கும். வெறும் வணிக நோக்கம் என்றால் இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது. வழக்குக்குப் போகுமுன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வதும் சில சமயம் பலன் தருகிறது.

பெரும்பாலோர் கவனிக்காத இழப்பு ஒன்று உண்டு. நிறுவனத்தின் வாரண்டி, வேன் விற்கப்பட்ட நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது. என் வண்டி அன்றே பட்டறைக்குப் போய் ஐந்து மாதம் அங்கேயே நின்றது. ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமல் ஐந்து மாத வாரண்டி கரைந்ததோடு, நாள்கணக்கில் வரும் முதல் இலவச சர்வீஸையும் தவறவிட்டேன். தவறவிட்டதைப் பின்னர் எனக்கு எதிராகவும் எடுத்துப் பேசினார்கள். வண்டி பட்டறையில் நின்றாலும் அந்தத் தேதியில் சர்வீஸைச் செய்து கையேட்டில் முத்திரை வாங்கிவிட வேண்டும். கூண்டு கட்டி முடிந்து பதிவான நாளிலிருந்து வாரண்டியைக் கணக்கிட நிறுவனங்கள் முன்வந்தால் அது நியாயமாக இருக்கும்.

பேருந்துக் கூண்டு கட்டுவதில் கரூர் நாடறிந்த ஊர். தகரத்திலும் மரத்திலும் நம்மவர்களின் கைத்திறனுக்குக் குறைவில்லை. குறை மின்இணைப்பு பற்றிய தகவலில் இருக்கிறது. எந்த இடத்தில் எர்த் எடுக்கலாம், எந்த வயரைத் தொடக் கூடாது, எத்தனை ஆம்பியர் இழுக்கலாம் என்பதை விளக்கும் கூண்டு கட்டுவோர் கையேடுகளை ஃபோர்டு, மெர்சிடிஸ் போன்ற நிறுவனங்கள் ஐரோப்பாவில் இணையத்தில் எவரும் பார்க்கும்படி வைத்திருக்கின்றன. அதேபோல் இங்கு விற்கும் ஒவ்வொரு வேனுக்கும் வெளியிட்டு, தமிழிலும் தர வேண்டும். கேரவன்களுக்கென்று ஏஐஎஸ் 124 என்ற தரக்குறிப்பு இருக்கிறது. அதன்படி சான்று பெறும்போதே, வண்டியில் எது எவர் பொறுப்பு, எந்த வயர் எங்கே சேர்கிறது என்பதை ஒரே தாளில் எழுதி, நிறுவனமும் கூண்டு கட்டியவரும் கையொப்பமிட்டு உரிமையாளரிடம் கொடுக்க வேண்டும் என்று போக்குவரத்துத் துறை கட்டாயமாக்க வேண்டும். அந்தத் தாள் என்னிடம் இருந்திருந்தால், ஜாப் கார்டோடு நின்ற அன்று அதை மேசைமேல் வைத்திருப்பேன்.

வரும் மே மாதம் அப்பாவை மறுபடி ஓசூருக்கு அழைத்துச் செல்கிறேன். அதற்குள் அப்படியொரு தாளை எழுதித் தரும்படி வண்டி நிறுவனத்துக்கும் பட்டறைக்கும் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் அதன் நகலைத் தங்கள் நாளிதழுக்கு அனுப்பிவைப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஈரோடு.