மார்கரெட் நைட் அடுக்களையில் உட்கார்ந்து பை செய்யவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் மறக்கப்பட்ட பெண் கண்டுபிடிப்பாளர்களுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். அதில், “அடுக்களையில் பொழுதுபோகாத ஓர் அமெரிக்கப் பெண்ணுக்குத் தோன்றியதே காகிதப் பை” என்று ஒரே வரி. பெயர்கூட இல்லை. இதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

அவர் பெயர் மார்கரெட் நைட். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு ஊரில், காகிதப் பை ஆலையில் வேலை பார்த்தவர். பையைக் கண்டுபிடித்தவர் அவரல்ல. பை செய்யும் இயந்திரம் 1852-லேயே வந்துவிட்டது. பிரான்சிஸ் வோலி செய்தது. ஆனால் அதில் வந்தது கடித உறை மாதிரியான பை, நிற்காது. அடி தட்டையான பையைக் கையால்தான் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அதை இயந்திரத்துக்குக் கொண்டுவந்தவர் நைட்.

அது எவ்வளவு பெரிய வேலை என்று செல்லூர்ப் பக்கம் பை ஒட்டும் பெண்களைக் கேளுங்கள். தாளைக் குழாயாக்கி ஓரம் ஒட்டுவது சுலபம், அடிதான் வில்லங்கம். குழாயின் ஒரு முனையை மேலே மடித்து, வாயைத் திறந்து அமுக்கி, மேலும் கீழும் விரியும் இரண்டு மடிப்பு இதழ்களையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி மடித்து ஒட்ட வேண்டும். 4 அங்குல அடி வேண்டுமென்றால் முனையை 4.5 அங்குலம் மடித்தால்தான் ஒவ்வோர் இதழும் நடுக்கோட்டை அரை அங்குலம் தாண்டும். 4 அங்குலமே மடித்தால் இரண்டும் நடுவில் தொட்டுக்கொண்டு நிற்கும். ஒரு கிலோ வெங்காயம் போட்டதும் அடி பிளந்துவிடும். மைதாப் பசை நீர்த்துப்போனால் தாள் ஊறிச் சுருங்கும், பசை கசிந்து பையின் உள்பக்கமே ஒட்டிக்கொள்ளும். பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பதுண்டு. பலகாரப் பைக்கு அதைக் கலக்கவே கூடாது, விஷம்.

இந்த மடிப்பையெல்லாம் விரல் படாமல் இரும்பு செய்ய வேண்டும். அதற்கு நைட் முதலில் மரத்தில் மாதிரி செய்தார். பிறகு பாஸ்டன் பட்டறையில் இரும்பில் செய்யக் கொடுத்தபோது, அங்கே அதைப் பார்த்த சார்லஸ் அன்னன் தன்னுடையது என்று காப்புரிமை கேட்டுவிட்டார். நைட் வழக்காடினார். தன் வரைபடங்களையும் குறிப்புகளையும் சாட்சிகளையும் கொண்டுவந்து நிறுத்தி வென்றார். 1871 ஜூலை 11-இல் கிடைத்த காப்புரிமையின் எண் 116842. அடுக்களைப் பொழுதுபோக்குக்கு யாரும் இப்படி வழக்காட மாட்டார்கள்.

தங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் பெண்கள் என்றால் தங்கள் இதழில் ஒரு வரிதான். வானிலை அறிவியலாளர் அன்னா மணியைப் பற்றி எழுதியபோது ‘சி.வி. ராமனிடம் பயின்றவர்’ என்பதோடு நிறுத்திக்கொண்டீர்கள். நம் குமுளி ஏறினால் வரும் பீர்மேட்டில் 1918-இல் பிறந்தவர் அவர். ஓசோனை அளக்கப் பலூனில் அனுப்பும் கருவியை உருவாக்கியவர், சுமார் நூறு வானிலைக் கருவிகளின் வரைபடங்களை நம் நாட்டுக்கென்று ஒழுங்குபடுத்தியவர். அதெல்லாம் எங்கே போயிற்று? மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பற்றிய கட்டுரையிலும் கடைகளின் பெயர்கள் இருந்தன. துணியை நகத்தால் கிள்ளி, நூல் சுற்றி, ஒவ்வொரு புள்ளிக்கும் முடிச்சுப் போடும் பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

2019 ஜனவரி முதல் பிளாஸ்டிக் தடை வந்தபின் எத்தனையோ வீடுகளில் பெண்கள் பை ஒட்டித்தான் பிழைக்கிறார்கள். அவர்களும் தங்கள் இதழைப் படிக்கிறார்கள். ஆகவே அடுத்த ஞாயிறு, அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில், மார்கரெட் நைட்டின் பெயரையும் அந்தக் காப்புரிமை எண்ணையும் போட்டுத் திருத்தம் வெளியிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காகிதப் பைப் பயிற்சியாளர்,
செல்லூர், மதுரை.